லோக்கல்ஹோஸ்ட்டுக்கு வெளியே: பிஎச்பி ப்ராஜெக்ட்டுக்கு ஹோஸ்டிங் தேடுவது எப்படி?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்ல இன்னிக்கு ஒரு கிரேட் என்ன விலைக்குப் போச்சு? இதைக் காட்டற ஒரு சின்ன வெப்சைட்டை உங்க டீம் மினி ப்ராஜெக்ட்டா எடுத்திருக்குன்னு வெச்சுக்குவோம். காலையில மண்டியில இருக்கற ஒருத்தர் போன்லயே விலையை என்டர் பண்ணணும். காரிமங்கலத்துலயோ மாரண்டஹள்ளியிலயோ இருக்கற விவசாயி அதைப் பார்த்துட்டு, இன்னிக்குப் பறிக்கலாமா ரெண்டு நாள் தள்ளலாமான்னு முடிவு பண்ணணும். நல்ல டாபிக். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், ஸாம்ப் மூணும் இருந்தா ஒரே வாரத்துல முடிச்சிடலாம். ரெவ்யூல மார்க்கும் வரும்.

ரெவ்யூ முடிஞ்சதும் லேப்டாப்பை மூடுவீங்க. வெப்சைட்டும் அதோட மூடிடும். மாரண்டஹள்ளி விவசாயி தன் போன்ல லோக்கல்ஹோஸ்ட்னு டைப் பண்ணா, அந்த போன் தனக்குள்ளயேதான் தேடும். உங்க லேப்டாப்பை அது தேடி வராது.

நம்ம சிலபஸ்ல சர்வர் ஸ்க்ரிப்டிங் இருக்கு, டேட்டாபேஸ் இருக்கு. ஆனா எழுதினதை எங்க கொண்டுபோய் வைக்கறதுங்கறதுக்கு ஒரு யூனிட் கிடையாது. கூகுள்ல தேடினா “டாப் 10 ஹோஸ்டிங்”னு வர்ற லிஸ்ட்ல பாதி, லிங்க்கை நாம க்ளிக் பண்ணி வாங்கினா எழுதினவருக்குக் கமிஷன் போற லிஸ்ட். அதனால இந்தக் கட்டுரையில நான் எந்தக் கம்பெனிக்கும் ரேங்க் போடலை. ஒரு ஹோஸ்டிங் உங்க கோடுக்கு ஒத்து வருமா வராதான்னு நீங்களே சோதிச்சுப் பார்க்கற வழியைத்தான் சொல்லப்போறேன்.

கோடு எங்க ஓடுது?

முதல்ல இதைத் தெளிவாக்கிடுவோம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட் மூணும் பார்க்கறவரோட பிரவுசர்ல ஓடும். சர்வர் பண்றது ஃபைலை எடுத்துக் கொடுக்கற வேலை மட்டும்தான். இந்த மாதிரி ஹோஸ்டிங்குக்கு ஸ்டாட்டிக் ஹோஸ்டிங்னு பேர். கிட்ஹப் பேஜஸ் இந்த வகை. இலவசம், வேகம், நம்பகம் மூணும் உண்டு. உங்க போர்ட்ஃபோலியோவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்கறது கஷ்டம்.

பிஎச்பி அப்படி இல்லை. அது சர்வர்லயே ஓடி முடிஞ்சு, கடைசியா வர்ற எச்டிஎம்எல்லை மட்டும்தான் பிரவுசருக்கு அனுப்பும். அதனால சர்வர்ல பிஎச்பி இன்ஜின் இருந்தே ஆகணும். கிட்ஹப் பேஜஸ்ல அது கிடையாது. அங்க உங்க பிஎச்பி ஃபைலைப் போட்டா ஓடாது, டவுன்லோட் ஆகும், இல்லன்னா உள்ள இருக்கற கோடு அப்படியே தெரியும். அந்த ஃபைல்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தா அதுவும் சேர்ந்துதான் வெளிய வரும்.

ஆக ஹோஸ்டிங் தேடும்போது முதல் கேள்வி “இலவசமா?” இல்லை. “சர்வர்ல என் மொழி ஓடுமா?”ங்கறதுதான்.

பிஎச்பிக்கு மட்டும் ஏன் இவ்ளோ குறைஞ்ச விலையில இடம் கிடைக்குது?

கிரீன்லாந்துல பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994ல தன்னோட ஆன்லைன் ரெஸ்யூமை யார் யார் பார்க்கறாங்கன்னு எண்ணறதுக்காக சில சின்ன ப்ரோகிராம் எழுதினார். அதுக்கு அவர் வெச்ச பேர் “பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்”. 1995 ஜூன் 8ம் தேதி அதைப் பொதுவுல வெளியிட்டார். 1997ல இஸ்ரேல்ல டெக்னியன் பல்கலைக்கழக மாணவர்கள் ரெண்டு பேர், ஆண்டி குட்மான்ஸும் ஜீவ் சுராஸ்கியும், தங்களோட காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இது பத்தலைன்னு உள்ளேயிருந்து திருப்பி எழுத ஆரம்பிச்சாங்க. 1998ல வந்த பிஎச்பி 3 அதோட விளைவு. ஒரு ரெஸ்யூம், ஒரு ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட். நம்ம கையில இருக்கற அதே ரெண்டு விஷயத்துல இருந்துதான் அந்த மொழியே வந்தது.

அது வேலை செய்யற விதமும் அந்தக் காலத்துதான். ஒரு ரிக்வெஸ்ட் வருது. அப்பாச்சி மாதிரி ஒரு வெப் சர்வர் அந்த ஃபைலைப் பார்த்து, பிஎச்பி இன்ஜின்கிட்ட கொடுக்குது. ஃபைல் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுது, பக்கம் தயாராகுது, அனுப்பிட்டு எல்லாத்தையும் மறந்துடுது. அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கு மறுபடியும் முதல்ல இருந்து. யாரும் உங்க சைட்டைப் பார்க்காத நேரத்துல அது சர்வர்ல கிட்டத்தட்ட எந்த பாரமும் தர்றதில்லை. அதனால ஒரே மெஷின்ல நூத்துக்கணக்கான பேரோட சைட்டை வெச்சு, வாடகையை எல்லாருக்கும் பிரிச்சு விட முடியுது. இதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். நம்ம ஹாஸ்டல் மாதிரி: ரூம் உங்களோடது, தண்ணி டேங்க் எல்லாருக்கும் ஒண்ணு.

பைத்தான்ல ஃப்ளாஸ்க், ஜாங்கோ, இல்லன்னா நோட் எடுத்தா கதை வேற. அங்க உங்க ஆப் ஒரு ப்ராசஸா மெமரியில எப்பவும் உக்காந்திருக்கணும். யாரும் பார்க்காத நேரத்துலயும் மெமரிக்கு வாடகை ஓடும். இலவச ப்ளான்ல இந்த மாதிரி ஆப்பை அவங்க தூங்க வைக்கறது இதனாலதான். உதாரணமா ரெண்டர்ல இலவச சர்வீஸுக்கு 15 நிமிஷம் யாரும் வரலைன்னா அதை நிறுத்திடுவாங்க. அடுத்து வர்றவர் அது எழுந்திரிக்கற வரைக்கும் காத்திருக்கணும்.

“பிஎச்பி எல்லாம் பழசு மச்சி”ன்னு உங்க ரூம்மேட் சொல்லலாம். டபிள்யூ3டெக்ஸ் கணக்குப்படி, சர்வர் மொழி என்னன்னு தெரிஞ்ச வெப்சைட்கள்ல 70 சதவீதத்துக்கு மேல பிஎச்பிதான். வேர்ட்பிரஸ் பிஎச்பி. விக்கிபீடியா ஓடற மீடியாவிக்கியும் பிஎச்பி. அதாவது 2003ல இருந்து நாம படிச்சிட்டிருக்கற தமிழ் விக்கிபீடியாவோட ஒவ்வொரு பக்கமும் பிஎச்பி வழியாத்தான் வருது.

இலவசமா, காசு கொடுத்தா?

இலவச ஹோஸ்டிங்ல பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் சேர்ந்தே கிடைக்குது. இன்ஃபினிட்டிஃப்ரீ அதுல ஒண்ணு. கத்துக்கறதுக்கும் ரெவ்யூல காட்டறதுக்கும் தாராளமா போதும். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அங்க வர்ற ஒவ்வொருத்தரும் நிஜ பிரவுசர்தானான்னு ஜாவாஸ்க்ரிப்ட் வெச்சு ஒரு சோதனை நடக்கும். மனுஷங்களுக்கு இது கண்ணுக்கே தெரியாது. ஆனா உங்க ஆண்ட்ராய்டு ஆப்போ ஐஓடி போர்டோ அந்த சர்வரைக் கூப்பிட்டா, ஜேசானுக்குப் பதிலா ஒரு எச்டிஎம்எல் பக்கம்தான் திரும்பி வரும். தக்காளி விலைக்கு வெப்சைட் மட்டும்னா பிரச்சினை இல்லை, அதுக்கு ஒரு ஆப்பும் சேர்த்துப் பண்றீங்கன்னா அங்க ஒத்து வராது. பைத்தான்எனிவேர்ல இலவச அக்கவுண்ட் இருக்கு, ஆனா பேருக்கு ஏத்த மாதிரி அது பைத்தானுக்கு மட்டும்.

இலவசத்தோட பெரிய பிரச்சினை ஸ்பீடோ விளம்பரமோ இல்லை. அது எப்ப நிக்கும்னு நம்ம கையில இல்லைங்கறதுதான். யாஹூ தன்னோட ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர்ல மூடினப்போ லட்சக்கணக்கான தனிநபர் பக்கங்கள் போச்சு. ஹெரோக்கு தன்னோட இலவச ப்ளானை 2022 நவம்பர் 28ம் தேதியோட நிறுத்தினது. அந்த வருஷம் வரைக்கும் எழுதப்பட்ட எத்தனையோ டுடோரியல்கள் “கடைசி ஸ்டெப்: ஹெரோக்குல இலவசமா போடுங்க”ன்னு முடியும். பிஎச்பி மாணவர்கள் ரொம்ப நாளா நம்பியிருந்த 000வெப்ஹோஸ்ட் 2024ல மூடினது. க்ளிட்ச் 2025 ஜூலையில ப்ராஜெக்ட் ஹோஸ்டிங்கை நிறுத்தினது.

ரெஸ்யூம்ல இருக்கற லிங்க்கை இன்டர்வ்யூல க்ளிக் பண்ணும்போது “சைட் நாட் ஃபவுண்ட்”னு வந்தா, நீங்க எவ்ளோ நல்லா கோடு எழுதியிருந்தாலும் அதை அவங்க பார்க்கப்போறதில்லை. அதனால இலவச இடத்துல வைக்கலாம், ஆனா ஒரே ராத்திரியில காலி பண்ணிட்டு வேற இடம் போற மாதிரி வைக்கணும். கோடு முழுசும் கிட்ல இருக்கணும். டேட்டாபேஸை வாரம் ஒரு தடவை எஸ்க்யூஎல் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி உங்க லேப்டாப்ல வெச்சுக்கணும். பிஎச்பிமைஅட்மின்ல எக்ஸ்போர்ட் டேப்ல ரெண்டே க்ளிக்.

காசு கொடுக்கறதுன்னா விளம்பரத்துல தெரியற ரேட்டை அப்படியே நம்பாதீங்க. “மாசம் இவ்வளவுதான்”னு பெருசா போட்டிருக்கறது பல இடத்துல மூணு நாலு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா வர்ற கணக்கு. ரின்யூவல் ரேட் அதைவிட அதிகமா இருக்கும். அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாலு பேர் டீம் செலவைப் பிரிச்சுக்கறதுன்னா, கடைசி பேமெண்ட் பேஜ்ல வர்ற தொகையை வெச்சுப் பிரிங்க. “அன்லிமிடெட்”னு சொன்னாலும் எத்தனை ஃபைல் வெக்கலாம்னு ஒரு எண்ணிக்கை உண்டு. ஐநோடுங்கற பேர்ல நிபந்தனைகள் பக்கத்துல இருக்கும், தேடிப் பாருங்க.

விபிஎஸ்னு ஒண்ணு இருக்கு. முழு லினக்ஸ் மெஷினையே வாடகைக்குக் கொடுப்பாங்க. என்ன மொழி வேணும்னாலும் ஓட்டலாம். ஆனா அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் உங்க தலையில. தனி வீடு எடுத்தா மோட்டார் போடறதும் நாமதானே? லினக்ஸ் கத்துக்கணும்னு ஆசை இருந்தா எடுங்க. ப்ராஜெக்ட்டை வெச்சா போதும்னா வேண்டாம். பெரிய க்ளவுட் கம்பெனிகளோட இலவச ப்ளான்ல கார்டு கேப்பாங்க. இலவச அளவைத் தாண்டினா பில் வரும். அப்பாவோட கார்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி பில்லிங் அலர்ட் செட் பண்ணத் தெரிஞ்சிருக்கணும். கிட்ஹப் ஸ்டூடண்ட் டெவலப்பர் பேக்கையும் ஒரு தடவை பாருங்க. நீங்க மாணவர்னு நிரூபிச்சா டொமைன், க்ளவுட் க்ரெடிட் மாதிரி சலுகை கிடைக்கும். என்னென்ன கிடைக்கும்ங்கறது அடிக்கடி மாறும்.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

ஒண்ணு, பிஎச்பி எந்த வெர்ஷன்? “பிஎச்பி சப்போர்ட்டட்”னு போட்டிருந்தா மட்டும் பத்தாது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ரெண்டு வருஷம் முழு சப்போர்ட், அப்புறம் ரெண்டு வருஷம் செக்யூரிட்டி திருத்தம் மட்டும். அதுக்கப்புறம் ஓட்டை கண்டுபிடிச்சாலும் யாரும் அடைக்க மாட்டாங்க. 7.4 வெர்ஷனுக்கு அந்தக் காலம் 2022 நவம்பர்லயே முடிஞ்சது. இன்னும் அதை மட்டுமே கொடுக்கற இடம்னா அடுத்ததைப் பாருங்க. கன்ட்ரோல் பேனல்லயே வெர்ஷனை மாத்தற வசதி இருந்தா நல்லது.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. உங்க கோடு பழசா இருக்கலாம். சீனியர்கிட்ட இருந்து வழிவழியா வர்ற லேப் கோடுல “மைஎஸ்க்யூஎல் கனெக்ட்”னு ஆரம்பிக்கற பழைய ஃபங்ஷன்கள் இருக்கும். 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7லயே அதை எல்லாம் எடுத்துட்டாங்க. புது சர்வர்ல அந்த கோடு முதல் வரியிலயே விழுந்துடும். அதுக்காகப் பழைய வெர்ஷன் தர்ற ஹோஸ்டைத் தேடிப் போகாதீங்க. மைஎஸ்க்யூஎல்ஐ, இல்லன்னா பிடிஓவுக்கு கோடை மாத்துங்க. ஒரு சாயங்கால வேலை.

ரெண்டு, எக்ஸ்டென்ஷன் என்னென்ன இருக்கு? தமிழ்ல சைட் பண்றவங்களுக்கு இதுதான் முக்கியம். “தருமபுரி”ங்கற வார்த்தையை எடுங்க. நமக்கு அஞ்சு எழுத்து: த, ரு, ம, பு, ரி. யூனிகோடுல “ரு”ங்கறது ர, அதோட உகரக் குறின்னு ரெண்டு குறியீடு. அப்படி எண்ணினா மொத்தம் 8. ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8ல 3 பைட், ஆக 24 பைட். பிஎச்பியோட சாதாரண ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் உங்களுக்கு 24னு சொல்லும். எம்பிஸ்ட்ரிங் எக்ஸ்டென்ஷன் இருந்தா 8 கிடைக்கும். இன்ட்ல்ங்கற எக்ஸ்டென்ஷன் இருந்தா கிராஃபீம் ஸ்ட்ர்லென் மூலமா சரியா 5 கிடைக்கும். சாதாரண ஃபங்ஷனை வெச்சு முதல் பத்து “எழுத்தை” வெட்டினா, ஒரு எழுத்தோட நடுவுலயே வெட்டி, கடைசியில கேள்விக்குறி போட்ட கட்டம் வரும். அதனால ஹோஸ்டிங்ல எம்பிஸ்ட்ரிங், இன்ட்ல் ரெண்டும் இருக்கான்னு கேளுங்க.

மூணு, டேட்டாபேஸ் எப்படி? எத்தனை டேட்டாபேஸ், எவ்ளோ அளவு, இதோட கேரக்டர் செட்டையும் பாருங்க. யூடிஎஃப்8எம்பி4 வைங்க. பழைய லத்தீன்1ல தமிழைப் போட்டா வரிசையா கேள்விக்குறிதான் வரும். வெறும் “யூடிஎஃப்8”ன்னு மைஎஸ்க்யூஎல் சொல்றது 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழ் சரியா 3 பைட்ங்கறதால தப்பிச்சிடும், யாராவது ஒரு இமோஜி போட்டா மாட்டிக்கும். காலத்தோட நீளத்தையும் தமிழை வெச்சே கணக்குப் போடுங்க. பாப்பிரெட்டிப்பட்டியை ஆங்கிலத்துல எழுதினா 15 எழுத்து. தமிழ்ல பார்க்க 10 எழுத்து, ஆனா யூனிகோடு கணக்குல 19. ஊர் பேருக்கு வார்சார் 15னு வெச்சிருந்தா ஆங்கிலத்துல உள்ள போகும், தமிழ்ல போகாது. செட்டிங்கைப் பொறுத்து ஒரு சர்வர் அதைச் சத்தமில்லாம வெட்டிடும், இன்னொண்ணு எரர் கொடுக்கும்.

நாலு, எச்டிடிபிஎஸ் இலவசமா? லெட்ஸ் என்கிரிப்ட் 2015 கடைசியில வந்த பிறகு சர்டிஃபிகேட்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதை இலவசமாப் போட்டு, தானாவே புதுப்பிக்கற ஹோஸ்டை எடுங்க. லாகின் பக்கம் இருந்து எச்டிடிபிஎஸ் இல்லைன்னா, பாஸ்வேர்டு வழியில திறந்த கடிதாசியாப் போகுது.

இந்த நாலையும் ஒரே ஃபைல்ல சோதிக்கலாம். பத்து வரி பிஎச்பி எழுதுங்க. வெர்ஷன் என்ன, எம்பிஸ்ட்ரிங், இன்ட்ல், பிடிஓ மைஎஸ்க்யூஎல் லோடு ஆகியிருக்கா, “தருமபுரி”யோட நீளம் மூணு விதமா என்ன வருது, இப்ப மணி என்ன. எந்த ஹோஸ்டா இருந்தாலும் ப்ராஜெக்ட்டுக்கு முன்னாடி இந்த ஃபைலை ஏத்துங்க. 24, 8, 5 வந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. பல கம்பெனிகள் குறிப்பிட்ட நாளுக்குள்ள பணம் திருப்பித் தர்றாங்க, அதுக்குள்ள சோதிங்க. டொமைனுக்குக் கட்டின காசு பெரும்பாலும் திரும்பாது. சோதிச்சதும் அந்த ஃபைலை டெலிட் பண்ணிடுங்க. உங்க சர்வர் விவரம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

ஸாம்ப்ல ஓடுச்சு, சர்வர்ல ஏன் ஓடலை?

இது எல்லா டீமும் கேக்கற கேள்வி. காரணம் பெரும்பாலும் கீழ இருக்கறதுல ஒண்ணுதான்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ஃபைல் பேர்ல ரெண்டும் ஒண்ணு. லினக்ஸுக்கு வேற வேற. ஹெடர்ங்கற ஃபைலைப் பெரிய எழுத்துல சேவ் பண்ணி, சின்ன எழுத்துல இன்க்ளூட் பண்ணியிருந்தா உங்க லேப்டாப்ல ஓடும், ஹோஸ்ட்ல ஓடாது. எல்லாத்துக்கும் சின்ன எழுத்தே வைங்க.

டேட்டாபேஸ் லாகின். ஸாம்ப்ல யூசர் ரூட், பாஸ்வேர்டு காலி. ஹோஸ்ட்ல நீங்களே யூசர் உருவாக்கணும். பேருக்கு முன்னாடி உங்க அக்கவுண்ட் பேரும் ஒட்டிக்கும். கனெக்‌ஷன் விவரத்தை ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைல்ல வெச்சீங்கன்னா ஒரு இடத்துல மாத்தினா போதும். அந்த ஃபைல் கிட்ஹப்புக்குப் போகக் கூடாது.

வெள்ளைப் பக்கம். ஹோஸ்ட்ல எரரை ஸ்க்ரீன்ல காட்டாம மறைச்சு வெச்சிருப்பாங்க. அது சரியான பழக்கம்தான். எரர் லாக்ங்கற ஃபைலைத் திறங்க, எந்த வரியில விழுந்துச்சுன்னு அங்க இருக்கும்.

நேரம். இதைத்தான் யாரும் கவனிக்கறதில்லை. பிஎச்பியோட டீஃபால்ட் டைம்ஸோன் யூடிசி. நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். மண்டிக்காரர் 10ம் தேதி காலை 5 மணிக்கு விலையை என்டர் பண்றார். சர்வருக்கு அப்போ 9ம் தேதி ராத்திரி பதினொன்றரை. இன்னிக்கு விலை நேத்து தேதியில பதிவாகும். “இன்றைய விலை”ன்னு தேடற விவசாயிக்கு ஒண்ணும் வராது, இல்லன்னா பழைய விலை வரும். பகல் 12 மணிக்கு நீங்க டெஸ்ட் பண்ணா எல்லாம் சரியாத்தான் இருக்கும். தப்பு விடியற்காலையில மட்டும் தெரியும், அந்த நேரத்துலதான் உங்க யூசருக்கு அந்தத் தகவல் வேணும். டைம்ஸோனை ஆசியா/கொல்கத்தான்னு கோடுலயே செட் பண்ணிடுங்க. டேட்டாபேஸே நேரம் போடுதுன்னா அதையும் தனியா பாருங்க.

மத்தவங்க நம்பர் உங்க டேபிள்ல

தக்காளி விலை பொதுத் தகவல். ஆனா நம்ம காலேஜ்கள்ல பிஎச்பி அதிகமா எழுதப்படறது சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு. பேர், காலேஜ், போன் நம்பர், மெயில். நூறு பேரோட நம்பர் ஒரு டேபிள்ல வந்து உக்காந்ததும் அது ப்ராஜெக்ட்ங்கறதைத் தாண்டிடுது.

மேல சொன்ன 000வெப்ஹோஸ்ட்ல இருந்து 1.3 கோடிக்கு மேல யூசர்களோட விவரம் திருடு போனது 2015ல வெளிய வந்தது. அதுல பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாம அப்படியே இருந்துச்சு. மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு வெச்சிருந்தவங்க நிலைமையை யோசிங்க. இதுல இருந்து நமக்கு ரெண்டு பாடம். ஹோஸ்டிங்குக்கு வெக்கற பாஸ்வேர்டை வேற எங்கயும் வெக்காதீங்க. உங்க சைட்ல லாகின் இருந்தா பாஸ்வேர்டு ஹாஷ்ங்கற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்க. 2013ல வந்த பிஎச்பி 5.5ல இருந்தே அது கூடவே வருது. எம்டி5 போதும்னு சொல்ற டுடோரியலை மூடிடுங்க. யூசர் டைப் பண்றதை எஸ்க்யூஎல்லோட நேரா ஒட்டாம, ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் வழியா அனுப்புங்க.

இந்தியாவுல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்திருக்கு. சம்மதம் வாங்கி வாங்கணும், சொன்ன காரணத்துக்கு மட்டும் பயன்படுத்தணும், தேவை முடிஞ்சதும் அழிக்கணும்ங்கறது அதோட சாரம். சிம்போசியம் முடிஞ்சு சர்டிஃபிகேட் கொடுத்தாச்சா? டேபிளைக் காலி பண்ணிடுங்க. நம்ம தங்கச்சி நம்பர் அந்த டேபிள்ல இருந்தா எப்படிப் பார்த்துக்குவோமோ, அந்தக் கவனம் போதும்.

அப்போ எதை எடுக்கறது?

பிஎச்பி இப்பதான் ஆரம்பிக்கறீங்கன்னா ஹோஸ்டிங்கே வேண்டாம். ஸாம்ப்ல எழுதுங்க, கிட்ல போடுங்க.

ரெவ்யூலயும் இன்டர்வ்யூலயும் ஒரு லிங்க் காட்டினா போதும்னா இலவச பிஎச்பி ஹோஸ்டிங். போலி டேட்டா மட்டும் வைங்க. இன்டர்வ்யூவுக்கு முந்தின நாள் ஒரு தடவை திறந்து பாருங்க. ரெஸ்யூம்ல கிட்ஹப் லிங்க்கும், ஓடறதை ரெக்கார்டு பண்ண ரெண்டு நிமிஷ வீடியோவும் சேர்ந்து இருக்கட்டும்.

நிஜ மனுஷங்க தினமும் பார்க்கப்போறாங்க, இல்லன்னா மத்தவங்க போன் நம்பர் உள்ள வருதுன்னா காசு கொடுத்து ஷேர்டு ஹோஸ்டிங். முதல்ல ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுங்க. டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தனித்தனியா வாங்கினா, நாளைக்கு ஹோஸ்டை மாத்தினாலும் முகவரி மாறாது. பார்க்கறவங்க எல்லாரும் இங்கதான்னா இந்தியாவுல இருக்கற சர்வரைத் தேர்ந்தெடுங்க, பக்கம் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

ஆண்ட்ராய்டு ஆப், ஐஓடி, எப்பவும் ஓடிட்டே இருக்கற பைத்தான் ப்ரோகிராம்னா விபிஎஸ், இல்லன்னா அந்த மொழிக்குன்னு இருக்கற க்ளவுட் சர்வீஸ்.

பாஸ் அவுட் ஆன பிறகு

கடைசியா ஒண்ணு, இது ஃபைனல் இயர் ஆளுங்களுக்கு. டிபார்ட்மெண்ட் சைட்டோ சிம்போசியம் சைட்டோ பண்ணியிருந்தா, அந்த அக்கவுண்ட் யாரோட ஜிமெயில்ல இருக்கு? ஓடிபி யாரோட போனுக்குப் போகுது? பெரும்பாலும் ஒரே ஒரு சீனியரோட நம்பருக்கு. அவங்க வேலைக்குச் சேர்ந்து சென்னையோ பெங்களூரோ போயிட்டா, ரின்யூவல் மெயில் அவங்க இன்பாக்ஸ்ல படிக்கப்படாமலே கிடக்கும். டொமைன் காலாவதி ஆகும். அதை வேற யாராவது வாங்கி, காலேஜ் பேர்லயே சூதாட்ட விளம்பரம் போடலாம். பழைய போஸ்டர்ல இருக்கற கியூஆர் கோடு எல்லாம் அங்கதான் போகும்.

அதனால இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு பக்கத்துல எழுதி வைங்க: டொமைன் எங்க வாங்கினது, எப்ப ரின்யூவல், ஹோஸ்டிங் எங்க, கோடு எந்த ரெப்போல, பேக்கப் எங்க. அக்கவுண்டை டிபார்ட்மெண்ட்டோட பொது மெயிலுக்கு மாத்தி, ஒரு ஸ்டாஃப்கிட்டயும் ஒரு தேர்ட் இயர் ஜூனியர்கிட்டயும் ஒப்படைங்க. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்ப வேண்டாம், ஜூனியரைப் பக்கத்துல உக்கார வெச்சு அவங்களையே புதுசா செட் பண்ணச் சொல்லுங்க. அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துல அவங்களும் ஒரு சர்வரை முதல் தடவையா உள்ள போய்ப் பார்த்திருப்பாங்க.